வீட்டுச் சாமானை செட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்

போன மாதம் நான் ஆபீஸ் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போன மறுநாளே போன் பண்ணினீர்கள். ஜன்னலுக்கு மேலே மாட்டியிருக்கும் ஃபிரேமை மறந்துவிட்டேனாம், பத்திரமாகக் கட்டி அனுப்பட்டுமா என்று கேட்டீர்கள். என் டீ கப்பையும், உட்கார்ந்தால் முனகுகிற அந்த நாற்காலியையும்கூட விடாமல் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவள் நான். ஃபிரேமை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தேன்.

கறுப்பு வெல்வெட்டில் தங்க நூலால் அரபி எழுத்துத் தைத்த ஃபிரேம் அது. நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் கோயில் பிரசாதத்தைக் கொண்டுவந்து எல்லார் கையிலும் திணிக்கிற இந்த அம்மாவின் அறைக்கு அது எப்படி வந்தது என்று நீங்கள் ஒவ்வொருவரும் வந்த புதிதில் கேட்டதுண்டு. ஒரு கிளையன்ட் கொடுத்தது என்று சொல்லி நழுவிவிடுவேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். இப்போது வீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதிவிடுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லாரும் கொஞ்சம் நல்ல காலத்தில் தொழிலுக்கு வந்தவர்கள். நான் நியூ ஜெர்சியில், எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு புடவைக் கடைக்கு மேலே நடிகர்களை வேஷத்துக்கு அனுப்புகிற இந்த ஆபீசைத் திறந்தபோது நம் ஆட்களுக்கு டிவியில் கிடைத்தது டாக்ஸி ஓட்டுகிற வேஷமும் மோட்டல் சாவி கொடுக்கிற வேஷமும்தான். அப்புறம் அந்த செப்டம்பர் வந்தது. இரட்டைக் கோபுரம் விழுந்த சில மாதங்களில் என் ஆபீஸ் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. நம் ஆட்களுக்கு அப்படியொரு கிராக்கி அதற்கு முன்பு இருந்ததே இல்லை. வருகிற ஸ்கிரிப்ட் பக்கங்களில் வேஷத்துக்குப் பெயர்கூட இருக்காது, ‘தீவிரவாதி ஒன்று’, ‘தீவிரவாதி இரண்டு’ என்றுதான் இருக்கும். என்னிடம் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பையன் ஒருவன் இருந்தான். தாடி நன்றாக வளரும் என்ற ஒரே காரணத்துக்காக அவனுக்கு அடுத்தடுத்து அந்த வேஷம் வந்தது. அவன் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். செட்டில் வெஜிடேரியன் கிடைக்குமா என்று கேட்டாள்.

சிரித்துக்கொண்டேதான் செய்தோம். நடிகன் என்றால் வயிறு இருக்கிறது, வாடகை இருக்கிறது. ஆனால் உள்ளுக்குள் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. பெயர் உள்ள ஒரு வேஷம், வீடு வாசல் பிள்ளை குட்டி உள்ள ஒரு மனுஷன் வேஷம் வராதா என்று நாயாக அலைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் கதை வந்தது.

ஒரு போலீஸ் சீரியலில் ஒரு எபிசோட். நியூ ஜெர்சியில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பம். அக்கம்பக்கத்தார் சந்தேகப்பட்டுப் போலீசைக் கூப்பிடுகிறார்கள். போலீஸ் வீட்டைக் குடைந்து தேடுகிறது, ஒன்றும் இல்லை. கடைசிக் காட்சியில் அந்த போலீஸ்காரன் திரும்பி வந்து வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறான். அப்பா, அம்மா, எட்டு வயதுப் பெண் என்று மூன்று வேஷம், மூன்றுக்கும் பெயர் உண்டு. முகஜாடை ஒத்துப்போக வேண்டும், முடிந்தால் நிஜக் குடும்பமாகவே அனுப்புங்கள் என்றார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

நஸீர் குடும்பத்தை அனுப்பினேன். நஸீருக்கு ஊர் அதிராம்பட்டினம். எடிசனை அடுத்த பிஸ்கட்டவேயில் குடியிருந்துகொண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தார். திருச்சியில் காலேஜ் படிக்கும்போது நாடகத்தில் கட்டபொம்மன் முதல் கண் தெரியாத பிச்சைக்காரன் வரை எல்லாம் போட்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்திய நடிப்புப் பயிற்சிக்கு ஒரு வாரம் தவறாமல் வருவார். அந்த செப்டம்பரில் அவர் கடைக் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டுப் போனார்கள். புதுக் கண்ணாடி போட்டு, அதில் ஒரு அமெரிக்கக் கொடியையும் ஒட்டினார். விமானத்தில் எங்கே போனாலும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். மனிதர் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆடிஷனில் தேர்வானதைச் சொல்ல அவர் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்த போலீஸ்காரன் சாரி சொல்றான் பாருங்கக்கா, அதுக்காகத்தான் நான் இத பண்றேன்," என்றார். "எனக்கு டயலாக் கம்மியா இருந்தாலும் பரவால்ல."

மனைவி ஜெரினா ஊரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், இங்கே வந்த பிறகு வீட்டில் தையல். முதலில் தயங்கினார். கதையை நான் முழுதாகத் தமிழில் சொன்ன பிறகு சரி என்றார். பெண் ஆயிஷா இங்கேயே பிறந்தவள். நாம் தமிழில் கேட்பது எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

நம் தொழிலில் சின்ன வேஷக்காரர்கள் சொந்த உடுப்பில் வருவது வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். செட் அலங்காரம் செய்கிற பெண்மணி எனக்குப் போன் பண்ணி, ஒரு முஸ்லிம் வீட்டு ஹால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை, அந்தக் குடும்பம் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்றிரண்டு கொண்டுவர முடியுமா, பெண்ணின் ஸ்கூல் பேக் இருந்தால் அதுவும் வேண்டும் என்றாள். நான் ஜெரினாவிடம் சொன்னேன். அவர் ஒன்றிரண்டோடு நிற்கவில்லை. கார் டிக்கி நிறையக் கொண்டுவந்துவிட்டார். தொழுகை விரிப்பு, குர்ஆன் வைத்து ஓதுகிற மரப் பலகை, சர்பத் கிளாஸ், ஜன்னல் திரை, எல்லாவற்றுக்கும் மேலே இந்த ஃபிரேம். கூடவே செட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் அலுமினியத் தட்டில் பிரியாணி. எனக்கு அது கொஞ்சம்கூட விசித்திரமாகப் படவில்லை. பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் நம் வீட்டு அண்டாவும் ஜமுக்காளமும் கேட்காமலே போய் நிற்கும், எதற்கு என்று கேட்பது மரியாதை இல்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள்தானே நாங்கள் இருவரும். இந்தப் பொருட்களைப் படம்பிடிக்கலாம், வேலை முடிந்ததும் திருப்பித் தருவோம் என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். ஜெரினா கையெழுத்துப் போட்டார், நான் சாட்சி.

ஃபிரேமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆயிஷா வயிற்றில் இருந்தபோது ஜெரினா தன் கையால் தைத்தது. வீட்டுக்குக் காவலாக வாசலுக்கு மேலே மாட்டுகிற வசனம். முக்கால்வாசி முடிந்தபோது தங்க நூல் தீர்ந்துவிட்டது. அதே நூல் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பிரசவத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று இடது கீழ் மூலையில் ஓடுகிற பூங்கொடியை மட்டும் பச்சை நூலில் தைத்துவிட்டார். நீங்கள் அண்ணாந்து பார்த்தால் அந்தப் பச்சை தெரியும். அந்த மாதிரி ஃபிரேம் உலகத்தில் இன்னொன்று இருக்க வழியில்லை.

முதல் நாள் படப்பிடிப்பு கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. வேர்ஹவுஸ் ஒன்றுக்குள் போட்ட ஹால், உள்ளே போனால் நிஜமாகவே ஜெரினா வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். நஸீர் தன் வரிகளை ஒரே டேக்கில் சொன்னார். டைரக்டர் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார். பிரியாணித் தட்டு மதியத்துக்குள் காலி. ஆயிஷா கேமராமேனிடம் போய் லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள்.

இரண்டாம் நாள் காலை கலர் பேப்பர் வந்தது. கதையில் மாற்றம் செய்தால் மாற்றிய பக்கங்களை வேறு நிறக் காகிதத்தில் கொடுப்பார்கள். நான் மன்ஹாட்டனில் முதலில் உதவியாளராக வேலை பார்த்த இடத்தில் ஒரு அம்மா இருந்தாள், வாயைத் திறந்தால் சிகரெட் புகையும் வசவும் மட்டுமே வரும். அவள் எனக்குச் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை, நிறம் மாறினால் முதலில் குழந்தையின் பக்கத்தைப் படி என்பது. படித்தேன். மன்னிப்புக் கேட்கிற காட்சி இல்லை. போலீசின் சந்தேகம் சரிதான் என்று கதை திரும்பியிருந்தது. கடைசியில் அந்த அப்பா மகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து, வெடிகுண்டு வைத்த ஸ்கூல் பேக்கை அவள் தோளில் மாட்டி, ரயில் ஸ்டேஷனுக்கு அனுப்புகிறார். கூட்டத்துக்கு நடுவில் அந்தப் பெண் தனியாக நிற்பதோடு எபிசோட் முடிகிறது.

நஸீரைத் தேடிக்கொண்டு மேக்கப் அறைக்கு ஓடினேன். வழியில், சாமான்களுக்குப் பொறுப்பானவர் ஒரு மேஜையில் ஆயிஷாவின் ஊதா நிற ஸ்கூல் பேக்கைத் திறந்து வைத்து, உள்துணியைக் கத்தரித்து வயர் செருகிக்கொண்டிருந்தார். ஆயிஷா எனக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தாள். ஜிப்பில் அவள் பெயர் எழுதிய வளையம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, தட்ஸ் மை பேக்," என்றாள். அழவில்லை. அந்த மனிதர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளை ஜெரினாவிடம் விட்டுவிட்டு அசிஸ்டன்ட் டைரக்டரிடம் போனேன். சின்ன வயசுக்காரன், தூங்கி எத்தனை நாளாயிற்றோ. சானல் தலைமையில் இந்த முடிவுதான் வேண்டும் என்கிறார்கள், எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் மதியத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்றான். அரை மணி நேரம் தருகிறேன், குடும்பத்தோடு பேசிவிட்டு வாருங்கள் என்றான். இந்த அரை மணி நேரம்தான் நம் தொழில். மற்றதெல்லாம் போன் பேசுவதும் பேப்பர் படிப்பதும்.

நஸீர் மேக்கப் நாற்காலியில் இருந்தார். முகத்தில் பாதிக்கு நிறம் போட்டிருந்தார்கள். கலர் பேப்பரைப் படித்து, மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், நடிப்புதானே அக்கா என்றார். வில்லனாக நடித்தவன் எல்லாம் வில்லனா என்று கேட்டார். நீங்கள் நடியுங்கள், நான் தடுக்கவில்லை, பாப்பாவை மட்டும் விட்டுவிடுவோம் என்றேன். பாப்பா இல்லாமல் அந்த வேஷம் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உங்களுக்கு வேணாம்னு சொல்றது ஈஸிக்கா," என்றார். குரல் உயரவில்லை. "ஏர்போர்ட்ல நீங்க ஷூவ கழட்டுனா போதும், விட்ருவான். இந்த ஊரு டிவில நான் ஒரு தடவ மூஞ்சி காட்டணும்னா இதான் கதவு. நான் போகலன்னா இன்னொருத்தன் போவான். அவன் புள்ள போவும்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. என் பொட்டும் என் பெயரும் எனக்கு எத்தனை கதவைத் திறந்துவிட்டிருக்கின்றன என்பதை நான் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் முதல்முறையாக யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

ஜெரினா சுவர் ஓரமாக நின்று ஆயிஷாவுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். முடித்து ரிப்பனைக் கட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, அந்த போலீஸ் சாரி சொல்ற சீன் இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப நாங்க எதுக்கு?" என்றார். கணவரைப் பார்த்து, "நீங்க இருக்கணும்னா இருங்க. புள்ள வராது," என்று சொல்லி ஆயிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நஸீர் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு டிஷ்யூவை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். மேக்கப் பெண், அப்படித் தேய்க்காதீர்கள், தோல் எரியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

குழந்தை நடிக்காது என்று நான் அந்த அசிஸ்டன்ட் டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். எங்களுக்குக் காட்டிய கதைக்குத்தான் தாய் தகப்பன் சம்மதம் கொடுத்தார்கள், இந்தக் கதைக்கு இல்லை என்று சட்டம் பேசினேன். அவன் தகராறு பண்ணவில்லை. போனை எடுத்துப் பேசினான், திரும்பி வந்தான். வேறு குடும்பம் பார்த்துக்கொள்கிறோம், உங்கள் ஆட்கள் முகம் தெரிகிற ஷாட்களை மறுபடி எடுத்துவிடுகிறோம், ஆனால் ஹால் முழுவதையும் நேற்றே படம்பிடித்தாயிற்று, சாமான்கள் முடிகிறவரை அப்படியே இருந்தாக வேண்டும், நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றான். ஸ்கூல் பேக்கை மட்டும் தருகிறோம் என்றான்.

நான் ஜெரினாவைப் பார்த்தேன். சாமான்தானே, இருக்கட்டும் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சண்டை போட்டிருக்கலாம், அந்த ஃபிரேமை மட்டுமாவது கழற்றிக் கொடு என்று அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஆளை விட்டால் போதும் என்ற அவசரம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று டர்ன்பைக் நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது காரில் சொன்னேன். பின் சீட்டில் ஆயிஷா பேக்கின் உள்ளே கையை விட்டு, அந்த மனிதர் டேப் ஒட்டிக் கொடுத்திருந்த கிழிசலைத் தடவிக்கொண்டு வந்தாள்.

சில வாரம் கழித்துச் சாமான்கள் கூரியரில் வந்தன. ஒரு கிளாஸ்கூட உடையவில்லை, நன்றி சொல்லி அட்டை வேறு. ஜெரினா ஃபிரேமைப் பழைய இடத்தில் வாசலுக்கு மேலே மாட்டினார். அன்றைக்கு நான் அங்கே டீ குடித்தேன். அந்தக் கம்பெனி என்னைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தது. அது பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமையில் இருந்தேன் என்று சொன்னால் தப்பில்லை.

எபிசோட் ஒளிபரப்பானதை நான் என் வீட்டில் பார்த்தேன். அப்பா வேஷத்தில் ஒரு பஞ்சாபிக்காரர், நல்ல நடிகர். அந்தப் பெண் அவர் மகள் இல்லை, வேறு ஏதோ ஆபீஸ் அனுப்பியது. நஸீர் சொன்ன இன்னொருத்தன் பிள்ளை. ரயில் ஸ்டேஷனில் அது நிற்கிற காட்சியை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் என்னைத் தாக்கியது அதற்கு முன்பே வந்துவிட்டது. கேமரா அந்த வீட்டுக்குள் நுழைவதே ஃபிரேம் வழியாகத்தான். பச்சை மூலையில் ஆரம்பித்து, எழுத்தின் மேல் மெதுவாக நகர்ந்து, பயமுறுத்துகிற இசையோடு ஹாலுக்குள் போகிறது. விளம்பரம் முடிந்து திரும்பும்போதெல்லாம் அதே ஃபிரேம். ஜெரினாவின் விரிப்பு, ஜெரினாவின் திரை, ஜெரினாவின் கிளாஸ். நஸீருக்குப் போன் பண்ணினேன். நாங்கள் பார்க்கவில்லை என்றார்.

அவர்கள் பார்க்காவிட்டால் என்ன, ஊர் பார்த்ததே. கொஞ்ச நாளில் ஆயிஷாவுக்குப் பிறந்தநாள் வந்தது, வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தார்கள். கேக் தட்டோடு வாசல் பக்கம் நின்ற ஒரு பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, இது டிவியில் அந்தக் கெட்டவர்கள் வீட்டில் இருந்ததுதானே என்று கேட்டாளாம். ஆயிஷாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்வதற்கு அவளுக்குக் காரணமும் தெரியாது. ஆமாம், அது எங்களுடையதுதான், அந்த பேக்குக்குப் பதிலாக முதலில் என் பேக்தான் இருக்க வேண்டியது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். கூட்டிப்போக வந்த தாய்மார்கள் அதைக் கேட்டுவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினார்கள். அடுத்த வாரத்திலிருந்து மதியச் சாப்பாட்டில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை காலை நஸீர் போன் பண்ணினார்.

"அக்கா, ரெண்டு பேர் வந்திருக்காங்க. பேட்ஜ் காட்டுறாங்க. ஜெரினா கையெழுத்து போட்ட அந்த பேப்பர எடுத்துட்டு வாங்க."

நான் பிஸ்கட்டவேக்கு எப்படிக் காரோட்டிக்கொண்டு போனேன் என்று எனக்கு நினைவில்லை. சாதாரண உடுப்பில் இரண்டு அதிகாரிகள் சோபாவில் உட்கார்ந்து ஜெரினா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். காகிதத்தைக் காட்டினேன், நடந்ததைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். மூத்தவர், ஓ அந்த எபிசோடா, பார்த்தேன் என்றார். இளையவர் எழுந்து போய் ஃபிரேமைப் போட்டோ எடுத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நஸீரைக் கேட்டார். அது வீட்டுக்குப் பாதுகாப்புக்காக மாட்டுகிற வசனம் என்று நஸீர் நல்ல இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னார்.

யாரிடமிருந்து பாதுகாப்பு என்று அந்த இளைய அதிகாரி கேட்டார்.

ஆயிஷா மாடிப்படியில் உட்கார்ந்து கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்னவோ உளறி அந்தக் கேள்வியை மூடினேன். இருவரும் எழுந்தார்கள், டீக்கு நன்றி சொன்னார்கள். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு மூத்தவர் நிமிர்ந்து நஸீரின் கையைக் குலுக்கினார்.

"சாரி ஃபார் த ட்ரபிள்," என்றார்.

எந்த சாரிக்காக அந்த மனிதர் நடிக்க வந்தாரோ அதை அவருக்கு அவர் வாசலிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கார் போகிறவரை நஸீர் சிரித்த முகத்தோடு நின்றார். கதவைச் சாத்தியதும் அங்கேயே செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஜெரினா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு ஏறினார். ஃபிரேமை இறக்கி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, ஒரு சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றினார். உள்ளே எடுத்துவைக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் கையில் கொடுத்தார்.

"இத கீழயும் வைக்கக் கூடாது, பேஸ்மென்ட்லயும் போடக் கூடாது அக்கா. பள்ளிவாசல்ல குடுக்கலாம்னா அவங்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் தலவலி. நீங்க கொண்டுபோய் ஆபீஸ்ல மாட்டுங்க. உங்க சுவத்துல இருந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

வாங்கிக்கொண்டேன். எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். தலைக்கு மேலே உயரமாக இருக்க வேண்டும், அதற்குக் கீழே செருப்பு போடக் கூடாது, சுத்தமான துணியால்தான் துடைக்க வேண்டும். நான் காரில் ஏறி ஓக் ட்ரீ ரோடு வரை அழுதுகொண்டே வந்தேன்.

அவர் சொன்னது பலித்தது. இத்தனை வருஷத்தில் அந்த அறைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள். புரொடியூசர்கள், வக்கீல்கள், ஃபயர் இன்ஸ்பெக்டர், ஒருமுறை கீழே கடையில் திருட்டு என்று போலீஸ்கூட வந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் அண்ணாந்து பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

இதிலிருந்து நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் யாரும் செட்டுக்கு வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன்கூட எடுத்துப்போகக் கூடாது. கேட்டால் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், விலாசம் கொடுங்கள். ‘எங்க வீட்ல இருக்கே’ என்று நம் பெண்கள் ஆசையாகச் சொல்வார்கள், கடுமையாகத் தடுங்கள், உங்களைத் திட்டட்டும். கலர் பேப்பர் வந்தால் காபியைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பாதி வேண்டாம் சொல்லாதீர்கள். ஆளைக் கூட்டிக்கொண்டு வரும்போது அவர்கள் சாமானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இதையெல்லாம் செய்தாலும் அந்த வேஷம் வேறு ஒரு பிள்ளைக்குப் போகும். அதற்கு எனக்கு வழி தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் செய்யுங்கள்.

நஸீர் அடுத்த வருஷமே கடையை விற்றுவிட்டு டெக்சாசுக்கு, மச்சான் இருக்கிற ஊருக்குக் குடிபோனார். அதற்கப்புறம் அவர் நடிக்கவில்லை. நோன்புப் பெருநாளைக்கு நான் கூப்பிடுவேன், நலம் விசாரிப்பார், நடிப்பைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டார். சில வருஷம் போய் ஆயிஷாவே என்னைக் கூப்பிட்டாள். ஹைஸ்கூல் சேர்ந்துவிட்டாளாம், குரல் மாறியிருந்தது. அது இன்னும் அங்கே மாட்டியிருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டாள். இருக்கிறதும்மா, அனுப்பட்டுமா என்றேன். இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னால் ஜெரினாவின் குரல் கேட்டது, என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை.

"உம்மா சேஸ் நாட் யெட்," என்றாள் ஆயிஷா திரும்பி வந்து. அவள் அம்மா இன்னும் நேரம் வரவில்லை என்கிறாராம்.

அதனால்தான் நான் அதை என் வீட்டுக்கு எடுத்து வரவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, நாளைக்கு நான் இருப்பேனோ இல்லையோ, அவர்களுக்குத் தெரிந்த விலாசம் அந்த ஆபீஸ்தான். என்றைக்காவது ஒரு நாள் ஜெரினாவோ அந்தப் பெண்ணோ வந்து நிற்பார்கள். ஐடி கேட்காதீர்கள், எதற்கு என்று கேட்காதீர்கள், பச்சை மூலை எந்தப் பக்கம் என்று அவர்களே சொல்வார்கள். உடனே இறக்கி, சுத்தமான துணியால் துடைத்துக் கொடுங்கள். பெயின்ட் அடிக்க ஆள் வந்தாலும், ஆபீசையே மாற்றினாலும், அதுவரைக்கும் அதைக் கீழே வைத்துவிடாதீர்கள்.